காப்புக்கட்டும் வீட்டடைப்பும்

ஊரடங்கு என்னும் சொல் 2020ஆம் ஆண்டுக்கு முன்பு புதுக்கோட்டை வட்டாரத்துச் சிற்றூர்களின் பேச்சில் பெரும்பாலும் ஒரு பொழுதையே குறித்தது. இரவுச் சாப்பாடு முடிந்து, விளக்குகள் அணைந்து, நாய்களும் ஓய்ந்தபின் வரும் வேளையை ஊர் அடங்கிய நேரம் என்பார்கள். அங்கே அடங்குவது ஊரின் ஓசையே தவிர ஊரார் அல்லர். கலவரக் காலங்களில் அரசு பிறப்பிக்கும் தடை உத்தரவுக்கும் நாளிதழ்கள் இதே சொல்லை வழங்கிவந்தன என்றாலும், அது தொலைவிலுள்ள பெருநகரங்களின் செய்தியாகவே கிராமத்துக் காதுகளில் விழுந்தது. 2020 மார்ச் 24ஆம் நாள் மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு நடப்புக்கு வந்து, அன்று நள்ளிரவு நாடு முழுவதற்குமான 21 நாள் முடக்கமும் அதனோடு சேர்ந்துகொண்டபோது, ஒரு பொழுதின் பெயராக இருந்த சொல் மாதக்கணக்கில் நீளும் ஒரு நிலையின் பெயராயிற்று. நினைவு தப்பத் தொடங்கிய முதியவர்களின் வாழ்க்கையில் அந்த நிலை என்ன செய்தது என்பதை அறிய, அதற்கு முன்பு இந்த மண்ணில் மக்கள் எவ்வாறு அடைபட்டார்கள் என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

அடைபடுதல் புதுக்கோட்டைக்குப் புதியதன்று. நார்த்தாமலை, திருவப்பூர் போன்ற மாரியம்மன் தலங்களிலும், சிற்றூர்களின் எண்ணற்ற அம்மன் கோயில்களிலும், மாசி முதல் வைகாசி வரையிலான வெயில் மாதங்களில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவது வழக்கம். மஞ்சள் தோய்த்த கயிற்றைச் சாமிக்கும் பூசாரிக்கும் நேர்ந்துகொண்டவர்களுக்கும் கட்டியபின், ஊரார் வெளியூரில் இரவு தங்குவதில்லை என்னும் விதி அன்று முதல் காப்பு அவிழும் நாள் வரை நிற்கும். அம்மை கண்ட வீட்டுக்கு இன்னொரு விதி உண்டு. வாசலில் வேப்பிலை செருகப்படும். அயலார் உள்ளே வருவதில்லை. தாளிப்பு வாசனைகூட எழக்கூடாது. நோயாளியின் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் விலக்கு நீங்கும். இவை வழிபாட்டின் மொழியில் சொல்லப்பட்ட நோய்த்தடுப்பு விதிகளா, நோயச்சம் வழிபாடாக மாறியதா என்னும் விவாதம் இங்கே தேவையில்லை. இரண்டு செய்திகள் போதும். காப்புக்கட்டில் அடைப்பின் எல்லை ஊராக இருந்தது. அந்த எல்லைக்குள் தெரு, திண்ணை, ஊருணி, கோயில் எல்லாம் திறந்தே கிடந்தன, சொல்லப்போனால் மற்ற நாள்களைவிடக் கூடுதலாக ஆள் நடமாட்டம் கொண்டிருந்தன. அம்மை வீட்டு விலக்கிலோ எல்லை வீடாகச் சுருங்கினாலும் அதற்கு முடிவு நாள் இருந்தது. கொப்புளம் காய்வதையும் தண்ணீர் ஊற்றுவதையும் கண்ணால் கண்டு நாளை எண்ணிக்கொள்ள முடிந்தது.

இதைப் பொற்காலமாக எழுதிவிடக் கூடாது. ஊர் என்ற எல்லைக்கு வெளியே சேரி என்ற ஒன்று தள்ளிவைக்கப்பட்டிருந்தது என்பதும், காப்புக் கயிறு எல்லோரையும் ஒரே கட்டுக்குள் கொண்டுவரவில்லை என்பதும் இந்த மாவட்டத்தின் வரலாற்றில் மறைக்க முடியாதவை. ஆயினும் அடைப்பின் அளவு ஊரா வீடா என்னும் வேறுபாடு, நினைவு தப்பியவரைப் பொறுத்தவரை மற்ற எதையும்விடப் பெரிய வேறுபாடாகும் என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

ஆங்கிலேயர் காலத்து அடைப்புகள் வேறு வகையானவை. பம்பாயில் பரவிய பிளேக்கை முன்னிட்டு 1897இல் இயற்றப்பட்ட கொள்ளைநோய்கள் சட்டம், 2020இலும் மாநில அரசுகள் கையிலெடுத்த அதே சட்டம்தான். அன்றைய சென்னை மாகாணத்தில் பிளேக் பரவிய பகுதிகளிலிருந்து வரும் பயணிகளுக்குக் கொடுக்கப்பட்ட பிளேக் பாஸ்போர்ட் என்னும் அனுமதிச் சீட்டை, 123 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த இ-பாஸின் பாட்டன் எனலாம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் திரட்டிச்சென்ற கூலியாட்களில் புதுக்கோட்டைத் தொண்டைமான் சமஸ்தானத்தைச் சேர்ந்தோரும் கணிசமாக இருந்தனர். அவர்கள் கடல் தாண்டுமுன் மண்டபம் முகாமில் சில நாள்கள் அடைத்துவைத்துப் பரிசோதிக்கப்பட்டார்கள். அந்த அடைப்பு உழைக்கத்தக்க உடலுக்கானது. முதியவர்கள் அதில் இல்லை, ஏனெனில் அவர்களை யாரும் அழைத்துப் போகவில்லை. பிள்ளைகள் கடல் கடக்க, பெற்றோர் ஊரில் தங்கும் ஏற்பாடு புதுக்கோட்டையில் அன்று தொடங்கி, பர்மா, மலேயா, சிங்கப்பூர், வளைகுடா என்று திசை மாற்றிக்கொண்டே இன்றுவரை தொடர்கிறது.

1918ஆம் ஆண்டின் இன்ஃபுளூயன்சா இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அந்தக் காய்ச்சலின் விந்தையான இயல்பு, நடுவயதை எட்டாத வலுவான ஆட்களையே அது மிகுதியாகக் கொன்றதுதான். 2020இன் தொற்று இதற்கு நேர்மாறாக முதியோரையே தேடிச்சென்றது. முன்னதில் இளையவர்கள் மடிய, எஞ்சிய முதியவர்களே பேரப்பிள்ளைகளை வளர்த்தெடுக்க வேண்டியிருந்தது. பின்னதில் முதியவர்களைக் காப்பதற்காகவே இளையவர்கள் அவர்களை விட்டு விலகி நிற்க வேண்டியிருந்தது.

முதுமையில் நினைவு தப்புவது ஒரு நோய் என்னும் எண்ணம் அன்று அரசுக் கணக்குகளில் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1931 வரை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உடற்குறை என்ற தலைப்பில் நான்கு வகையினர் எண்ணப்பட்டனர். மனநோயாளர், பிறவியிலேயே காதும் பேச்சும் இழந்தவர், இரு கண்ணும் தெரியாதவர், தொழுநோயாளர் என்பன அந்த நான்கு வகைகள். சமஸ்தானங்களும் இதே முறையைத்தான் பின்பற்றின. பேரனின் பெயரை மறந்து, சாப்பிட்டதை மறந்து, சாப்பாடு போடவில்லை என்று திண்ணையில் அமர்ந்து முறையிடும் கிழவிக்கு இந்த நான்கு கட்டங்களிலும் இடமில்லை. அவர் மனநோயாளர் அல்லர், வயதானவர், அவ்வளவே. ஊர்ப் பேச்சில் மட்டும் அதற்குப் பெயர்கள் இருந்தன. ‘நெனவு தப்பிருச்சு’, ‘புத்தி தடுமாறுது’, ‘சின்னப்பிள்ளை மாதிரி ஆயிட்டாக’ என்றெல்லாம் சொல்வது வழக்கம். ஈழத் தமிழில் அறளை பெயர்தல் என்றொரு தொடர் உண்டு. இவற்றில் எதுவும் வசைச்சொல் அன்று என்பது கவனிக்கத்தக்கது. ஆனால் எதுவும் மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொல்லும் சொல்லும் அன்று.

மருத்துவ நூல்கள் டிமென்ஷியா என்றும், தமிழில் மறதிநோய் என்றும் குறிப்பது ஒரே நோயை அன்று. மூளையின் பல நோய்களால் நினைவு, மொழி, வழியறிதல், முடிவெடுத்தல் ஆகிய ஆற்றல்கள் படிப்படியாகக் குறைந்து, அன்றாட வாழ்வைத் தானே நடத்திக்கொள்ள முடியாமற்போகும் நிலையை அது குறிக்கும். ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906இல் விவரித்த நோய் இவற்றில் மிகப் பரவலானது. மூளை இரத்தக்குழாய் அடைப்புகளால் வருவது அடுத்தது. இந்நோய்களில் நினைவின் எல்லா அறைகளும் ஒரே நேரத்தில் பூட்டப்படுவதில்லை. நேற்று நடந்ததைச் சேமிக்கும் ஆற்றல் முதலில் போகும். கைப்பழக்கமாக ஊறிய செயல்களின் நினைவு நெடுநாள் நிற்கும். காலையில் வந்துபோன மகளை மாலையில் மறந்துவிடும் மூதாட்டி, முறத்தைக் கையில் கொடுத்தால் அரிசியைப் பிசகாமல் புடைப்பார். ஊர் வாழ்க்கைக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவு இந்த ஒரு செய்தியில் அடங்கியிருக்கிறது.

இந்தியாவில் இந்நோயை எண்ணிப் பார்க்கும் முயற்சி தாமதமாகவே தொடங்கியது. தமிழ்நாட்டில் திருப்போரூர் வட்டாரக் கிராமங்களில் நடத்தி 1997இல் வெளியான ஆய்வு, நாட்டுப்புறத்தில் செய்யப்பட்ட முன்னோடி முயற்சிகளுள் ஒன்று. மறுஆண்டு கொச்சியில் 10/66 என்னும் பன்னாட்டு ஆய்வுக்குழு உருவானது. மறதிநோயாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினராகிய 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வுகளில் பத்தில் ஒரு பங்குகூட அந்நாடுகளில் நடக்கவில்லை என்பதையே அப்பெயர் சுட்டியது. சென்னையும் வேலூரும் அக்குழுவின் களங்களாயின. எழுத்தறியாதவரிடம் ஒரு வாக்கியம் எழுதச் சொல்லியும், ஆங்கிலத் தேதியைக் கேட்டும் நோயைக் கணித்தால் பாதி ஊரும் நோயாளிகளாகிவிடும் என்பதால், கல்வியறிவின் அளவு முடிவைத் திரித்துவிடாத வகையில், உடனிருப்பவரின் வாக்குமூலத்தையும் சேர்த்துக்கொள்ளும் சோதனைமுறையை அவர்கள் வகுத்தார்கள்.

புதுக்கோட்டைக்கு இந்தச் செய்தியில் தனிப் பொருள் உண்டு. 1991இல் இம்மாவட்டத்தில் எழுந்த அறிவொளி இயக்கம், கல்லுடைக்கும் பெண்களையும் களை பறிக்கும் பெண்களையும் மாலை விளக்கொளியில் சிலேட்டுப் பிடிக்கவைத்தது. ஆயிரக்கணக்கானோர் சைக்கிள் ஓட்டப் பழகியதும் அந்த இயக்கத்தில்தான். அன்று 30 முதல் 45 வயதில் எழுத்துக் கூட்டிய பெண்கள், 2020இல் 59 முதல் 74 வயதில் இருந்தார்கள். இளமைக் கல்வியின் குறைவை மறதிநோயின் தடுக்கத்தக்க காரணிகளுள் ஒன்றாக லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக்குழு வரிசைப்படுத்துகிறது. 2020இல் அக்குழு அடுக்கிய 12 காரணிகளில் செவித்திறன் குறைவு, உடல் உழைப்பின்மை, மனச்சோர்வு, ஆள் தொடர்பற்ற தனிமை ஆகியவையும் உண்டு. அந்த அறிக்கை வெளியான ஜூலை மாதத்தில் உலகின் பெரும்பகுதி முதியோருக்குக் கடைசி மூன்றையும் அரசாணைகளே விதித்துக்கொண்டிருந்தன.

இந்திய முதியோரிடையே நடத்தப்பட்ட தேசிய ஆய்வொன்று, ஊரடங்குக்கு முந்தைய ஆண்டுகளில் திரட்டிய தரவுகளைக் கொண்டு, 60 வயது கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்வதாக 2023இல் மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிட நாட்டுப்புறத்திலும் விகிதம் கூடுதல். 2011 கணக்கெடுப்பில் 16 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்டு, அவர்களில் பெரும்பாலோர் ஊர்ப்புறத்தில் வாழும் புதுக்கோட்டை மாவட்டத்தில், அதுவும் பிள்ளைகள் வெளியேறிய வீடுகள் மிகுந்த ஒரு பகுதியில், இந்த விகிதம் காகிதத்தில் மட்டும் நிற்கும் எண் அன்று.

இனி அந்த முதியவர்களைத் தாங்கி நின்றது எது என்று பார்க்க வேண்டும். மருத்துவமனை அன்று, புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரியே 2017இல்தான் திறக்கப்பட்டது. 1996ஐ ஒட்டி நாட்டில் முதன்முதலாக மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கப்பட்ட நான்கு மாவட்டங்களுள் பக்கத்துத் திருச்சியும் ஒன்று என்றாலும், மறதியை நோயாகக் கருதாத குடும்பம் அந்த வாசலுக்குப் போக வழியில்லை. முதியோர் இல்லமும் அன்று. தாங்கி நின்றது அன்றாடத்தின் ஒழுங்கு. விடியலில் வாசல் தெளிக்கும் ஓசை, பால்காரர், தேநீர்க் கடை பெஞ்சு, முதல் டவுன் பஸ்ஸின் ஹாரன், கண்மாய்க்கரை ஆலமரம், உச்சிக்கால மணி, பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், அந்தியில் திரும்பும் ஆடுகள், பாங்கு என்று ஒரு நாள் முழுவதும் அறிகுறிகளால் கோக்கப்பட்டிருந்தது. கிழமையை நினைவில் வைத்திருக்க முடியாதவருக்கும், ஆடுகளை ஏற்றிக்கொண்டு வண்டிகள் புதுக்கோட்டைச் சந்தைப்பேட்டைக்குப் போனால் அன்று வெள்ளி என்று தெரியும். காலத்தை ஊர் அவருக்காக நினைவு வைத்துக்கொண்டது.

இடத்தையும் ஊர் அவ்வாறே நினைவு வைத்துக்கொண்டது. வழி தவறிய பெரியவரைத் தெருக்கோடியில் எவரேனும் ஒருவர் ‘ஐயா, இந்தப் பக்கம் வாங்க’ என்று கைபிடித்துத் திருப்பிவிடுவார். அப்பத்தா எங்கே என்று தேடும் பேத்திக்கு, ஊருணிப் படியில் உட்கார்ந்திருப்பதாக யாராவது சொல்வார்கள். மருத்துவம் அலைதல் என்று குறிக்கும் அறிகுறி, ஊருக்குள் வெறும் நடையாகவே கரைந்துபோனது. கடலை உடைத்தல், புளி உடைத்தல், காயும் நெல்லுக்குக் காவலிருத்தல் போன்ற வேலைகள் கைநினைவை மட்டுமே கேட்டன. அவற்றைச் செய்துகொண்டிருக்கும்வரை வயதானவர் வீட்டில் ஓர் ஆளாக எண்ணப்பட்டார். திண்ணை இந்த ஏற்பாட்டின் நடுப்புள்ளி. அது வீடும் அன்று, தெருவும் அன்று. வீட்டைவிட்டுப் போகாமலே ஊரில் இருக்க அது இடம் தந்தது. கம்பி அழி போட்ட முன்வாசல்களும் சுற்றுச்சுவர்களும் திண்ணைகளை விழுங்கத் தொடங்கியது கொரோனாவுக்கு நெடுங்காலம் முன்பே என்பதையும் சொல்லியாக வேண்டும். தொற்று அந்த மாற்றத்தை ஒரே இரவில் முடித்துவைத்தது.

கொரோனாவுக்கு ஒன்றரை ஆண்டுக்கு முன், 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கரையேறிய கஜா புயல், ஆலங்குடி, கறம்பக்குடி, கீரமங்கலம் பகுதிகளின் தென்னந்தோப்புகளைச் சாய்த்து, மின்சாரமின்றி வாரக்கணக்கில் ஊர்களை இருட்டில் வைத்தது. இழப்பு பெரிது. ஆனால் அந்த அழிவு மனிதர்களை வீட்டிலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்தது. பொதுவில் சமைத்தார்கள், பள்ளிக்கூடங்களில் சேர்ந்து படுத்தார்கள். தன் வீட்டுக் கூரை பறந்ததை மறுநாளே மறந்த முதியவரைச் சுற்றிலும் முன்பைவிடக் கூடுதலான ஆட்கள் இருந்தார்கள். 2020இல் கூரை அப்படியே இருந்தது, ஆட்கள் இல்லை.

தமிழ்நாட்டின் முதல் தொற்று 2020 மார்ச் 7இல் உறுதியாயிற்று. ஏப்ரல் நடுப்பகுதி வரை ஒரு தொற்றும் பதிவாகாத மிகச் சில மாவட்டங்களுள் புதுக்கோட்டை இருந்தது. ஆனால் முடக்கம் தொற்றுக்காகக் காத்திருக்கவில்லை. பேருந்துகள் நின்றன, கோயில்கள் நடைசாத்தி உள்ளே மட்டும் பூசை நடத்தின, பங்குனி, சித்திரைத் திருவிழாக்கள் கைவிடப்பட்டன, சந்தைகள் மூடின. தமிழகச் சிற்றூர்கள் பலவற்றில் இளைஞர்கள் முள்ளையும் மூங்கிலையும் சாலைக்குக் குறுக்கே போட்டு வெளியாரைத் தடுத்தார்கள். இது பழைய காப்புக்கட்டின் எதிரொலி என்பதில் ஐயமில்லை, ஊரே எல்லை என்ற பழைய கணக்குத்தான் அது. எனினும் அரசாணையின் கணக்கு வீட்டையே எல்லையாகக் கொண்டது; தொற்று வந்த தெருக்கள் தகரமும் கழியும் கொண்டு அடைக்கப்பட்டன. மே மாதம் முதல் மத்திய உள்துறையின் நெறிமுறைகள், 65 வயது கடந்தவர்கள் இன்றியமையாத் தேவைக்கும் மருத்துவத்துக்கும் அன்றி வெளியே வரலாகாது என்று வெளிப்படையாகவே குறிப்பிட்டன. ஜூனில் விடப்பட்ட பேருந்துகள் ஜூலையில் மீண்டும் நின்றன. செப்டம்பர் 1இல்தான் மாவட்டத்துக்குள் பேருந்தும், எல்லாக் கோயில்களின் நடையும் ஒருசேரத் திறந்தன. ஐந்து மாதத்துக்கு மேல் நீடித்த அந்த இடைவெளி, நினைவுள்ளவருக்குக் காத்திருப்பு; நினைவு தப்பியவருக்குக் காத்திருக்க எதுவும் இல்லை, ஏனெனில் ஏன் அடைக்கப்பட்டோம் என்பது அவருக்கு ஒவ்வொரு காலையிலும் புதிதாகச் சொல்லப்பட வேண்டியிருந்தது.

இக்காலத்தில் வீடுகளுக்குள் நடந்தவற்றைப் பற்றித் தமிழகத்தில் கிடைக்கும் நெருக்கமான பதிவு, சென்னையில் 1984இல் நிறுவப்பட்ட ஸ்கார்ஃப் என்னும் மனநல ஆராய்ச்சி அறக்கட்டளையைச் சேர்ந்தோர் 2020இல் வெளியிட்ட ஆய்வாகும். மறதிநோயாளரைப் பராமரிக்கும் 31 பேரிடம் தொலைபேசி வழியாகவும் காணொலி வழியாகவும் அவர்கள் உரையாடினார்கள். தொற்றைப் பற்றி விளக்கிச் சொல்ல முடியாமை, கை கழுவவும் முகக்கவசம் அணியவும் வைப்பதில் உள்ள போராட்டம், வேலையாள் வராமை, மருத்துவரையும் மருந்தையும் எட்ட முடியாமை, ஓய்வற்ற பராமரிப்பின் களைப்பு ஆகியவை அதில் பதிவாயின. அவற்றோடு, தொற்று உண்டாக்கிய இடர்கள் சில, முன்பே இருந்து தொற்று வெளிப்படுத்திய இடர்கள் பல என்னும் பகுப்பும் அவ்வாய்வில் காணப்படுகிறது. அதே ஆண்டில் இத்தாலியில் 4,913 குடும்பங்களிடம் நடந்த விசாரிப்பில், பத்தில் ஆறு பேரிடம் எரிச்சல், உறக்கக்கேடு, பதற்றம் போன்ற நடத்தை மாறுதல்கள் கூடியதாகத் தெரியவந்தது.

சென்னை ஆய்வு, மருத்துவரின் தொடர்பும் நோய்க்கு ஒரு பெயரும் முன்பே கிடைத்திருந்த குடும்பங்களைப் பற்றியது. புதுக்கோட்டை ஊர்களுக்கு அதை நீட்டிப் பார்க்கும்போது இரண்டு இடங்களில் கணக்கு மாறுகிறது. வேலையாள் வராமை இங்கே பெரிய சிக்கலன்று, ஏனெனில் பராமரிப்பாளர் தொடக்கத்திலிருந்தே மருமகளோ வயதான மனைவியோதான். மாறாக, ஊர் பகிர்ந்துகொண்டிருந்த கண்காணிப்பு முழுவதும் அந்த ஒருத்தியின் தலையில் இறங்கியது. தெருவில் வெறும் நடையாக இருந்தது, கதவுக்குப் பின்னால் அலைதலாக மாறியது. தாழ்ப்பாளைத் தட்டி ‘வீட்டுக்குப் போகணும்’ என்று, சொந்த வீட்டிலிருந்தே வீட்டுக்குப் போகக் கேட்கும் குரல் அந்தி சாயும்போது வலுத்தது. பொழுது சாயும் வேளையில் குழப்பமும் பதற்றமும் கூடும் இந்த அறிகுறியை அந்திமயக்கம் எனலாம். பகலில் வெயிலும் நடையும் வேலையும் குறையக் குறைய இரவுறக்கம் கெட்டு, அந்திமயக்கம் கடுமையாகும் என்பது மருத்துவர்கள் அறிந்த செய்தி. முகக்கவசம் இதற்கு மேலும் ஒரு குழப்பத்தைச் சேர்த்தது. காது மங்கியவர்கள் உதட்டசைவைப் பார்த்தே பாதிப் பேச்சைப் பிடிக்கிறார்கள். முகமறியும் ஆற்றல் மங்கியவருக்கு மூடிய முகம் அயலார் முகம்தான். அம்மையின்போது முகம் மறைத்து யாரும் வரவில்லை, வரவே இல்லை. இப்போது வந்தவர்கள் முகமில்லாமல் வந்தார்கள்.

இரண்டாவது மாறுதல் வெளிநாட்டிலிருந்த பிள்ளைகளால் வந்தது. பன்னாட்டு விமானங்கள் மார்ச் இறுதியில் நின்றன. ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சிங்கப்பூர் தன்னை முடக்கிக்கொண்டபோது, தொழிலாளர் தங்கும் விடுதிகளில் தொற்று மிகுந்து, அங்கிருந்தோர் விடுதிக்குள்ளேயே மாதக்கணக்கில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் தமிழகத்தின் இப்பகுதியினரும் இருந்தார்கள். மகன் அங்கே ஓர் அறையில், தாய் இங்கே ஓர் அறையில் என்று இருபுறமும் பூட்டிய நிலையில், அவர்களை இணைத்தது கைப்பேசித் திரை ஒன்றே. திரையில் தெரியும் சிறு முகத்தை மகனென்று கொள்வது, நோய் முற்றியவருக்கு எளிதன்று. பெட்டிக்குள் இருப்பவனை வெளியே வரச் சொல்வதும், அவன் வராதபோது அழுவதும் இந்நோயில் வியப்பில்லை. அரிமளம், ராயவரம், நச்சாந்துபட்டி, கோனாபட்டு முதலான நகரத்தார் ஊர்களில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று தெரு விட்டுத் தெரு நீளும் வீடுகளில் ஓரிரு ஆச்சிகள் மட்டும் தங்கியிருப்பது முன்பே வழக்கம். திருவிழாவுக்கும் படைப்புக்கும் ஊர் கூடுவதே அவ்வீடுகள் மூச்சுவிடும் காலம். 2020இல் அந்தக் கூடலும் இல்லை.

நன்மை ஏதும் விளையவில்லை என்று சொல்ல முடியாது. சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வேலையிழந்து ஊர் திரும்பிய பிள்ளைகள், பொங்கலுக்கு இரண்டு நாள் வந்துபோகும்போது கண்ணில் படாததை இரண்டு மாதம் உடனிருந்தபோது கண்டார்கள். ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்பதும், அடுப்பை அணைக்க மறப்பதும் ‘வயசு’ என்ற சொல்லுக்குள் அடங்காதவை என்று முதன்முதலாகத் தோன்றியது அப்போதுதான். தொலைமருத்துவத்துக்கான நெறிமுறைகளை இந்திய அரசு வெளியிட்ட நாளும் முடக்கத்தின் முதல் நாளாகிய மார்ச் 25தான். தொலைபேசி வழியே மருந்துச் சீட்டு பெறுவது சட்டத் தெளிவு பெற்றது. அந்த வசதி, நோய்க்குப் பெயர் தெரிந்தவர்களுக்குப் பயன்பட்டது.

2021இன் இரண்டாம் அலை முதலாவதைப் போன்றதன்று. அது அச்சத்தின் காலமாக இல்லாமல் சாவின் காலமாக இருந்தது. மகளிருக்கு நகரப் பேருந்துகளில் கட்டணமில்லை என்னும் அரசாணை மே 8இல் நடப்புக்கு வந்து, மே 10இல் பேருந்துகளே நின்றுபோன அந்த வாரத்தின் முரண் ஊர்ப்பெண்களுக்கு இன்றும் நினைவிருக்கும். அரசு மருத்துவமனைகளில் நோயாளியோடு ஒருவர் ‘கூட இருப்பது’ எழுதப்படாத விதி. ஊட்டுவதும் துடைப்பதும் செவிலியரை அழைப்பதும் அவர் வேலை. கொரோனா வார்டுகள் அவரைப் பொதுவாக வெளியே நிறுத்தின. மறதிநோயாளருக்கு உடனிருப்பவர் துணை மட்டுமல்லர், அவரது நினைவே அவர்தான். எந்த மாத்திரை ஒவ்வாது, எந்தப் பெயர் சொன்னால் திரும்பிப் பார்ப்பார், எதைக் கண்டால் மிரளுவார் என்பவை அவரோடு வாசலில் நின்றுவிட்டன. முதியோருக்குத் தொற்று பல நேரம் காய்ச்சலாகத் தெரியாமல், திடீர் மனக்குழப்பமாகவே முதலில் தெரியும். முன்பே குழம்பியிருப்பவரிடம் அதைப் பிரித்தறிய, அவரது வழக்கமான குழப்பம் எது என்று அறிந்த ஒருவர் வேண்டும். மேலை நாடுகளில் இதே கதை பராமரிப்பு இல்லங்களில் நடந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2020 மார்ச் முதல் ஜூன் வரை கொரோனாவால் இறந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மறதிநோயாளர். அங்கே உறவினர்கள் சன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்றார்கள்.

சாவு வீட்டிலும் எண் வந்தது. 20 பேருக்கு மேல் கூடக்கூடாது என்ற விதி, ஒப்பாரியையும் நீர்மாலையையும் கருமாதியையும் சுருக்கியது. சடங்குகள் எதற்கு என்ற கேள்விக்கு அறிஞர்கள் பல விடை சொல்லலாம். கணவன் இறந்ததை மறந்துபோகும் மனைவிக்கு அவை செய்யும் உதவி ஒன்று உண்டு. பதினாறு நாள் வருவோரும் போவோரும் அழுவதும், தாலி கழற்றுவதும், வெள்ளைச் சேலையும், சொல்லால் பதியாததை உடலால் பதியவைக்கும் வழிகள்; அவை பெண்ணுக்குக் கொடியவை என்பது வேறு வழக்கு. மூடிய பையில் கொண்டுபோய் எரிக்கப்பட்ட கணவனை அந்த மனைவி கடைக்குப் போயிருப்பதாகவே நினைத்து, சாப்பாட்டை மூடிவைத்துக் காத்திருந்தால், ஒவ்வொரு முறையும் புதிய சாவாக அதைச் சொல்வதா, சொல்லாமல் விடுவதா என்பதைக் குடும்பம் ஒவ்வொரு நாளும் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

60 வயது கடந்தவர்களுக்குத் தடுப்பூசி 2021 மார்ச் 1இல் தொடங்கியது. தொற்று கண்டு தேறியவர்களிடம் இரண்டு ஆண்டுகள் வரை மறதிநோய் கண்டறியப்படும் வாய்ப்பு கூடுதலாக இருப்பதாக ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2022இல் எழுதினார்கள். எனவே அடைப்பால் இழந்தது எவ்வளவு, கிருமியால் இழந்தது எவ்வளவு, வயதால் எப்படியும் இழந்திருக்கக்கூடியது எவ்வளவு என்று ஒரு மனிதரிடம் பிரித்துச் சொல்வது கடினம். 2022 மாசி, பங்குனியில் பூச்சொரிதலும் தேரும் திரும்பின, மஞ்சள் கயிறு மீண்டும் கட்டப்பட்டது. திண்ணையில் இருந்த சிலர் அந்த இரண்டு ஆண்டுகளில் உள்ளறைக் கட்டிலுக்குப் போயிருந்தார்கள்; தேர் வாசலுக்கு வந்தபோது அவர்களைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து காட்ட வேண்டியிருந்தது.

இதற்கிடையில், 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் புதுக்கோட்டை ஊர்களுக்கும் வந்தது. அந்தந்தப் பகுதிப் பெண்களே தன்னார்வலர்களாக, மருந்துப் பையோடு வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். முகம் தெரிந்தவர்கள் என்பதால் கதவு திறக்கிறது. இரத்த அழுத்தம், நீரிழிவு, இயன்முறை சிகிச்சை, வலி தணிக்கும் பராமரிப்பு, சிறுநீரக நோயாளிகளுக்கான பை ஆகியவை அத்திட்டம் தொடங்கியபோது அறிவிக்கப்பட்ட பணிகள். கட்டிலில் இருக்கும் ஆச்சியின் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தத்தை அளந்து ஏட்டில் குறித்துக்கொள்ளும் அந்தப் பெண்ணிடம், அவள் பெயர் கேட்டு, யார் மகள் என்று கேட்டு, மீண்டும் பெயர் கேட்கிறார் ஆச்சி. 1931 வரையிலான கணக்கெடுப்பின் நான்கு கட்டங்களில் இடம் பெறாத அந்தக் கேள்விக்கு, அந்தத் தொடக்கப் பட்டியலிலும் இடம் இல்லை.